டிம்மர் சுவிட்ச்: வீட்டில் பொருத்தும் முறை

டிம்மர் சுவிட்ச் என்பது ஒரு விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் மின் சாதனம் ஆகும். ஒளி மட்டுப்படுத்தி என்றும் இதைத் தமிழில் குறிப்பிடலாம். சாதாரண சுவிட்சில் எரிதல், அணைதல் என்ற இரண்டு நிலைகள் மட்டுமே உண்டு. டிம்மரில் உள்ள குமிழைத் திருப்புவதன் மூலம் மிக மங்கலான ஒளியிலிருந்து முழு ஒளி வரை எந்த நிலையிலும் விளக்கை நிறுத்த முடியும். படுக்கையறை, வரவேற்பறை, குழந்தை தூங்கும் அறை, நோயாளி இருக்கும் அறை ஆகிய இடங்களில் இது பயன்படுகிறது.

இக்கட்டுரை இந்திய வீடுகளில் உள்ள 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின் இணைப்பை அடிப்படையாகக் கொண்டது. டிம்மர் இயங்கும் விதம், எந்த விளக்குக்கு எந்த டிம்மர் பொருந்தும், மின்சாரத்தைப் பாதுகாப்பாகத் துண்டிப்பது எப்படி, பொருத்தும் படிகள், பொருத்திய பின் தோன்றும் குறைகள் ஆகியவை இதில் விளக்கப்படுகின்றன.

வரலாறு

மேடை நாடக அரங்குகளில்தான் விளக்கின் ஒளியை மட்டுப்படுத்தும் தேவை முதலில் எழுந்தது. தொடக்க காலத்தில் விளக்குடன் பெரிய மின்தடையைத் தொடராக இணைத்தார்கள். உப்பு நீர் நிரப்பிய தொட்டியில் உலோகத் தகடுகளை மேலும் கீழும் நகர்த்தி மின்தடையை மாற்றும் முறையும் இருந்தது. இம்முறைகளில் விளக்குக்குச் செல்லாத மின்னாற்றல் வெப்பமாக வீணானது. பின்னர் வந்த மாறு மின்மாற்றிகளில் இழப்பு குறைவு. ஆனால் அவை கனமானவை, வீட்டுச் சுவரில் உள்ள சிறிய சுவிட்ச் பெட்டிக்குள் அடங்காதவை.

அமெரிக்கப் பொறியாளர் ஜோயல் ஸ்பைரா 1959ஆம் ஆண்டில் குறைகடத்தியைக் கொண்டு இயங்கும் சிறிய டிம்மரை உருவாக்கினார். சாதாரண சுவிட்ச் இருக்கும் அதே பெட்டிக்குள் அது அடங்கியது. 1961இல் அவரும் அவர் மனைவி ரூத் ஸ்பைராவும் பென்சில்வேனியாவில் லுட்ரான் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வீடுகளுக்குள் டிம்மர் பரவியது இதன் பிறகே.

இயங்கும் முறை

வீட்டுக்கு வரும் மின்சாரம் மாறுதிசை மின்னோட்டம் ஆகும். அது ஒரு நொடியில் 50 முறை முழு அலையாக ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு அலையிலும் நேர்ப்பாதி ஒன்று, எதிர்ப்பாதி ஒன்று என இரண்டு அரை அலைகள் உள்ளன. ஆகவே ஒரு நொடியில் 100 அரை அலைகள், ஒவ்வொன்றின் நீளம் 10 மில்லி நொடி.

டிம்மர் விளக்குக்குச் செல்லும் மின்னழுத்தத்தைத் தேய்த்துக் குறைப்பதில்லை. ஒவ்வொரு அரை அலையிலும் ஒரு பகுதியை வெட்டிவிட்டு மீதியை மட்டும் அனுப்புகிறது. இந்த வேலையைச் செய்வது டிரையாக் என்னும் குறைகடத்தி. அரை அலை தொடங்கும்போது டிரையாக் மூடிய கதவு போல இருக்கும். ஒரு சிறிய மின்தேக்கி, குமிழுடன் இணைந்த மாறுதடை வழியாக மின்னேற்றம் பெறும். அது போதிய அளவு நிரம்பியதும் டிரையாக் திறந்துகொள்ளும், விளக்குக்கு மின்சாரம் பாயும். அரை அலை முடிந்து மின்னோட்டம் சுழியாகும்போது டிரையாக் தானே மூடிக்கொள்ளும். அடுத்த அரை அலையில் இதே செயல் மீண்டும் நிகழும்.

குமிழைத் திருப்பும்போது மாறுவது இந்தக் காத்திருப்பு நேரம்தான். காத்திருப்பு 5 மில்லி நொடியாக இருந்தால் அரை அலையில் சரிபாதி வெட்டப்படுகிறது. இழை விளக்குக்குக் கிடைக்கும் மின்திறனும் அப்போது ஏறத்தாழப் பாதியாகிறது. ஆனால் வெளிச்சம் பாதியாகக் குறைவதில்லை, அதைவிட அதிகமாகக் குறைகிறது. இழையின் வெப்பம் குறையக் குறைய அது வெளியிடும் ஒளி வேகமாகக் குறைவதே காரணம். ஒளி மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாறுவதும் இதனால்தான்.

மேலே சொன்ன வகை, அலையின் முன்பகுதியை வெட்டுவதால் முன்விளிம்பு டிம்மர் எனப்படும். இன்னொரு வகை பின்விளிம்பு டிம்மர். இது அலை தொடங்கும்போதே மின்சாரத்தை அனுப்பி, பின்பகுதியை வெட்டுகிறது. இதில் டிரையாக்குக்குப் பதிலாக மாஸ்ஃபெட் போன்ற டிரான்சிஸ்டர்கள் பயன்படுகின்றன. முன்விளிம்பு டிம்மரில் மின்னழுத்தம் திடீரென்று உயர்கிறது. பின்விளிம்பு வகையில் அந்த அதிர்ச்சி இல்லை. ஆகவே எல்.ஈ.டி. விளக்குகளுக்குப் பின்விளிம்பு டிம்மர் பெரும்பாலும் நன்றாக ஒத்துப்போகும், விலையும் சற்றுக் கூடுதலாக இருக்கும்.

எந்த விளக்குக்குப் பொருந்தும்

டிம்மர் வாங்கிப் பொருத்திய பின் ஏமாற்றம் அடைவதற்கு முதன்மையான காரணம் விளக்கின் வகையைக் கவனிக்காததே ஆகும்.

குண்டு பல்பு, ஆலசன் பல்பு: 230 வோல்ட்டில் நேரடியாக எரியும் இழை விளக்குகள் எல்லா டிம்மரிலும் வேலை செய்யும்.

எல்.ஈ.டி. பல்பு: இதற்குள் டிரைவர் எனப்படும் மின்னணுச் சுற்று உள்ளது. சாதாரண டிரைவர், வெட்டுப்பட்ட அலையைப் புரிந்துகொள்ளாது. உள்ளே வரும் மின்னழுத்தம் குறைந்தாலும் ஒளியைக் குறையாமல் வைத்திருக்க அது முயலும். ஓர் எல்லைக்குக் கீழே போனதும் மினுக்கும் அல்லது அணைந்துவிடும். நாளடைவில் டிரைவர் பழுதாகவும் கூடும். ஆகவே அட்டைப்பெட்டியில் டிம்மருடன் பயன்படுத்தலாம் என்று குறித்திருக்கும் எல்.ஈ.டி. பல்புகளை மட்டுமே வாங்க வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாத பல்பை டிம்மருக்கு ஏற்றதல்ல என்றே கொள்ள வேண்டும்.

பொய்க்கூரையில் பதிக்கும் எல்.ஈ.டி. விளக்குகள்: இவற்றின் டிரைவர் தனிப் பெட்டியாக மேலே இருக்கும். டிரைவரின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

சி.எஃப்.எல். விளக்கும் டியூப் லைட்டும்: சாதாரண சி.எஃப்.எல்., சோக் உள்ள டியூப் லைட், எல்.ஈ.டி. டியூப் ஆகியவற்றை டிம்மரில் இணைக்கக் கூடாது.

ரிமோட் அல்லது கைப்பேசியால் இயங்கும் பல்பு: இதன் உள்ளேயே ஒளியைக் குறைக்கும் வசதி உண்டு. இதற்குச் சுவரில் டிம்மர் தேவையில்லை, பொருத்தவும் கூடாது.

மின்விசிறி ரெகுலேட்டரும் டிம்மரும்

சுவிட்ச் போர்டில் இரண்டும் பார்ப்பதற்கு ஒன்று போலவே இருக்கும். ஆகவே ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டுவிடலாம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது தவறு.

இன்று விற்கப்படும் படிநிலை ரெகுலேட்டர்களில் மின்தேக்கிகள் உள்ளன. 1 முதல் 4 அல்லது 5 வரையுள்ள எண்களில், உச்ச எண்ணைத் தவிர மற்றவற்றுக்கு வெவ்வேறு மின்தேக்க அளவு விசிறியுடன் தொடராக இணைகிறது. விசிறி மோட்டாருக்காகக் கணக்கிடப்பட்ட மதிப்புகள் அவை. எல்.ஈ.டி. விளக்கை இதில் இணைத்தால் ஒளி சீராகக் குறையாது, டிரைவரும் கெடும்.

மறுபுறம், விளக்குக்கான டிம்மரில் மின்விசிறியை இணைத்தால் வெட்டுப்பட்ட அலை மோட்டாரில் உறுமல் ஒலியை உண்டாக்கும், சுற்று சூடாகும். மோட்டாரின் கம்பிச்சுருள் திருப்பி அனுப்பும் மின்னழுத்தம் டிம்மரைப் பழுதாக்கக்கூடும். விசிறிக்கும் சேர்த்து வடிவமைக்கப்பட்டது என்று தெளிவாகக் குறித்திருந்தால் மட்டுமே அவ்வாறு இணைக்கலாம். பி.எல்.டி.சி. வகை மின்விசிறிக்கு வேகக் கட்டுப்பாடு உள்ளேயே இருப்பதால் அதற்கு டிம்மரும் ரெகுலேட்டரும் இரண்டுமே ஆகாது.

வாட் அளவைக் கணக்கிடுதல்

ஒவ்வொரு டிம்மரிலும் அது தாங்கக்கூடிய மின்திறன் குறிக்கப்பட்டிருக்கும். பழைய வகை டிம்மர்களில் 400 வாட், 650 வாட் போன்ற எண்கள் இழை விளக்குக்கு உரியவை. அதே டிம்மரில் 400 வாட் அளவுக்கு எல்.ஈ.டி. விளக்குகளை இணைக்கலாம் என்பது பொருளல்ல. எல்.ஈ.டி. டிரைவர்கள் மின்சாரம் பாயத் தொடங்கும் கணத்தில், தம் வாட் அளவுக்குப் பொருந்தாத பெரிய மின்னோட்டத்தை இழுக்கின்றன. ஆகவே தயாரிப்பாளர்கள் எல்.ஈ.டி.க்கு என்று தனியாக, மிகக் குறைவான ஓர் அளவைக் கொடுக்கிறார்கள். அந்த எண்ணையே பார்க்க வேண்டும்.

மேல் எல்லை போலவே கீழ் எல்லையும் உண்டு. டிரையாக் திறந்த நிலையில் நிற்க ஒரு குறைந்தபட்ச மின்னோட்டம் வேண்டும். 60 வாட் குண்டு பல்பு சுமார் 260 மில்லி ஆம்பியர் எடுக்கும். 7 வாட் எல்.ஈ.டி. பல்பு எடுப்பது மிகக் குறைவு. குறைந்தபட்சம் 40 வாட் வேண்டும் என்று எழுதியுள்ள டிம்மரில் ஒரே ஒரு 7 வாட் பல்பை இணைத்தால் அது மினுக்கிக்கொண்டே இருக்கும்.

எடுத்துக்காட்டாக, ஒரு வரவேற்பறையில் 9 வாட் விளக்குகள் 6 இருந்தால் மொத்தம் 54 வாட். எல்.ஈ.டி.க்கு 10 முதல் 100 வாட் வரை என்று குறித்த டிம்மர் இதற்குப் போதும். மேல் எல்லையைத் தொடாமல் சற்று இடைவெளி விட்டுத் தேர்ந்தெடுப்பது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது

இந்தியாவில் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் வீட்டு மின்வேலைகளுக்கும் பொருந்தும். புதிய வயரிங், கூடுதல் இணைப்பு, மாற்றம் ஆகியவற்றை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரும் தகுதிச் சான்றிதழ் பெற்றவர்களுமே செய்ய வேண்டும். பல்பு, ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை, மின்னமைப்பின் திறனும் தன்மையும் மாறாத வகையில் மாற்றிப் பொருத்துவதற்கு விலக்கு உண்டு. தமிழ்நாட்டில் ஒயர்மேன்களுக்கான தகுதிச் சான்றிதழை மின் உரிமம் வழங்கும் வாரியம் வழங்குகிறது.

இருக்கும் சுவிட்ச் பெட்டிக்குள் டிம்மரைப் பொருத்துவது சிறிய வேலை. சுவரை வெட்டிப் புதிய குழாய் பதிப்பதோ புதிய வயர் இழுப்பதோ சிறிய வேலை அல்ல. மின்வேலையில் பழக்கம் இல்லாதவர்கள் இரண்டுக்குமே ஒயர்மேனை அழைப்பதே சரி. அவ்வாறு அழைத்தாலும், கீழே உள்ளவற்றை வீட்டுக்காரர் அறிந்திருந்தால் வேலை சரியாக நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ள முடியும்.

மின்சாரத்தைத் துண்டித்தல்

இந்த வேலையில் உயிருக்கு ஆபத்தான கட்டம் இதுவே. வயர்களை இணைப்பது பத்து நிமிட வேலை. மின்சாரம் உண்மையில் நின்றுவிட்டதா என்று உறுதி செய்வதற்கு அதைவிடக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

சுவிட்சை அணைப்பது போதாது. சுவிட்சை அணைத்த பிறகும் அதன் ஒரு முனையில் பேஸ் இருந்துகொண்டே இருக்கும். பக்கத்துச் சுவிட்சுகளுக்கும் அந்த பேஸ் லூப்பாகச் செல்கிறது. ஆகவே அந்தச் சுற்றுக்குரிய எம்.சி.பி.யைக் கீழே இறக்க வேண்டும். எது என்று தெரியாவிட்டால் மெயினையே அணைக்க வேண்டும்.

இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகள்: மின்வெட்டுக்காக இன்வெர்ட்டர் வைத்துள்ள வீடுகளில் மெயினை அணைத்தவுடன் இன்வெர்ட்டர் வேலை செய்யத் தொடங்கிவிடும். விளக்குகளும் விசிறிகளும் பெரும்பாலும் இன்வெர்ட்டர் சுற்றிலேயே இணைக்கப்பட்டிருக்கும். அதாவது மெயின் அணைந்திருக்கும், சுவிட்ச் போர்டில் 230 வோல்ட் இருக்கும். ஆகவே இன்வெர்ட்டரையும் அணைத்து, அதன் வெளியீட்டுக்குத் தனி எம்.சி.பி. இருந்தால் அதையும் இறக்க வேண்டும். ஊரில் மின்வெட்டு நேரத்தில் இந்த வேலையைச் செய்தால் பாதுகாப்பு என்று நினைப்பதும் இதே காரணத்தால் ஆபத்தானது. எந்த நொடியிலும் மின்சாரம் திரும்பி வரலாம் என்பது இன்னொரு காரணம்.

மும்முனை இணைப்பு உள்ள வீடுகள்: ஒரே சுவிட்ச் பெட்டிக்குள் இரண்டு வெவ்வேறு பேஸ்கள் வந்திருக்கக்கூடும். ஒரு எம்.சி.பி.யை இறக்கினால் ஒன்று மட்டுமே நிற்கும். இரண்டு பேஸ்களுக்கு இடையே இருப்பது சுமார் 400 வோல்ட். இத்தகைய வீடுகளில் மெயினை முழுவதுமாக அணைப்பதே சரி.

அணைத்த பின் மற்றவர்கள் தெரியாமல் போட்டுவிடாதபடி எம்.சி.பி. பெட்டியை மூடி, ஓர் அறிவிப்புச் சீட்டை ஒட்ட வேண்டும். முடிந்தால் பக்கத்தில் ஒருவரை நிறுத்த வேண்டும்.

டெஸ்டரால் சோதித்தல்: முதலில் மின்சாரம் இருக்கும் ஒரு பிளக்கில் டெஸ்டரை வைத்து, அது எரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, வேலை செய்யும் பெட்டியின் ஒவ்வொரு முனையிலும் வைத்துப் பார்க்க வேண்டும். கடைசியாக மின்சாரத்தைச் சிறிது நேரம் போட்டு, டெஸ்டர் இன்னும் வேலை செய்கிறதா என்று அதே பிளக்கில் சரிபார்த்து, மீண்டும் துண்டிக்க வேண்டும். கெட்டுப்போன டெஸ்டரும் எரியாது என்பதால்தான் இந்த மூன்று படிகள். ரப்பர் செருப்பு அணிந்தோ மரப்பலகை மேல் நின்றோ இருந்தால் நியான் டெஸ்டர் மங்கலாகத் தெரியும், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் படாமலும் போகும். மல்டிமீட்டரால் பேஸ், நியூட்ரல், எர்த் ஆகியவற்றுக்கு இடையே அளந்து பார்ப்பது இன்னும் நம்பகமானது.

ஆர்.சி.சி.பி. இருக்கிறதே என்று கவனக்குறைவாக இருக்கக் கூடாது. வீடுகளில் பொருத்தும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும்படி அமைக்கப்படுகிறது. உடல் வழியாகத் தரைக்குப் பாயும் மின்சாரத்தையே அது கண்டறியும். ஒரு கையால் பேஸையும் மறு கையால் நியூட்ரலையும் தொட்டால் அந்த மனிதரை ஒரு பல்பு என்றே அது கருதும், துண்டிக்காது.

தேவையான பொருட்கள்

1. விளக்குக்குப் பொருத்தமான டிம்மர். ஏற்கெனவே உள்ள போர்டின் நிறுவனம், வரிசை ஆகியவற்றுடன் ஒத்துப்போக வேண்டும். ஒரு நிறுவனத்தின் மாட்யூல் இன்னொன்றின் சட்டத்தில் உட்காராது.
2. டெஸ்டர், மல்டிமீட்டர்.
3. கைப்பிடிக்கு இன்சுலேஷன் உள்ள திருப்புளிகள், கட்டிங் பிளேயர், வயர் உரிக்கும் கருவி.
4. 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி வயர், ஒரு சாண் நீளம்.
5. இன்சுலேஷன் டேப், பேட்டரி விளக்கு.

பொருத்தும் படிகள்

இங்கே எடுத்துக்கொள்ளப்படும் அமைப்பு, இந்திய வீடுகளில் வழக்கமாக உள்ள மாட்யூலர் போர்டு. விளக்குக்கு ஒரு சுவிட்ச் உள்ளது, பக்கத்தில் வெற்று இடத்தை மூடும் டம்மி உள்ளது. அந்த டம்மியின் இடத்தில் டிம்மர் உட்காரும். சுவிட்சும் டிம்மரும் தொடராக இணையும். டிம்மர்கள் பலவும் இரண்டு மாட்யூல் அகலம் கொண்டவை என்பதால் வாங்குமுன் இடத்தை எண்ணிக்கொள்ள வேண்டும்.

1. முன் சொன்னபடி மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் அணைத்துச் சோதிக்க வேண்டும். பெட்டியில் உள்ள எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்த நிலையில் வைக்க வேண்டும்.

2. முன்பக்கத் தகட்டை ஓரத்தில் மெதுவாக நெம்பிக் கழற்ற வேண்டும். உள்ளே தெரியும் சட்டத்தின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, சட்டத்தைச் சற்று வெளியே இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் பழைய வயர் முனையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும்.

3. உள்ளே தெரியும் எல்லா முனைகளிலும் மீண்டும் ஒருமுறை டெஸ்டரை வைத்துப் பார்க்க வேண்டும்.

4. எதையும் அவிழ்ப்பதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

5. விளக்கின் சுவிட்சில் இரண்டு முனைகள் இருக்கும். ஒன்றில் பேஸ் லூப் வந்து பக்கத்துச் சுவிட்சுகளுக்கும் செல்லும். மற்றதில் விளக்குக்குச் செல்லும் ஒற்றை வயர் இருக்கும். மல்டிமீட்டரைத் தொடர்ச்சி சோதனையில் வைத்து, பேஸ் முனையையும் பக்கத்துச் சுவிட்சின் அதே பக்க முனையையும் தொட்டால் ஒலிக்கும். விளக்கு வயரில் ஒலிக்காது. வயரின் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. பேஸுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை என்பது மரபு. ஆனால் பழைய வீடுகளில் கைக்குக் கிடைத்த வயரை இழுத்திருப்பார்கள்.

6. டம்மியை எடுத்துவிட்டு டிம்மரைச் சட்டத்தில் அழுத்தி உட்கார வைக்க வேண்டும்.

7. விளக்கு வயரைச் சுவிட்சிலிருந்து கழற்ற வேண்டும். முனை கறுத்தோ பிரிந்தோ இருந்தால் வெட்டிவிட்டு, புதிதாகச் சுமார் 8 முதல் 10 மி.மீ. அளவுக்கு உரித்து, இழைகளை முறுக்க வேண்டும்.

8. அந்த விளக்கு வயரை டிம்மரின் விளக்கு முனையில் இணைக்க வேண்டும். டிம்மரின் பின்புறத்தில் வரும் முனைக்கும் விளக்கு முனைக்கும் எழுத்து அல்லது அம்புக்குறி இருக்கும். அதனுடன் வரும் படத்தைப் பார்த்தே இணைக்க வேண்டும்.

9. சுவிட்சில் காலியான முனைக்கும் டிம்மரின் வரும் முனைக்கும் இடையே, வாங்கி வைத்த 1.5 சதுர மி.மீ. வயரில் ஒரு துண்டை இணைக்க வேண்டும். இப்போது மின்சாரம் செல்லும் பாதை: பேஸ், சுவிட்ச், டிம்மர், விளக்கு, நியூட்ரல்.

10. ஒவ்வொரு வயரையும் மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். அசைந்தால் ஸ்க்ரூவை மீண்டும் இறுக்க வேண்டும். முனைக்கு வெளியே வெறும் செம்பு தெரியக் கூடாது. தளர்ந்த இணைப்பு நாளடைவில் சூடாகி, வயரின் உறையைக் கருக்கும். சுவிட்ச் போர்டில் தீப்பிடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

11. உலோகப் பெட்டியாக இருந்தால் அதன் எர்த் இணைப்பு விடுபடாமல் உள்ளதா என்று பார்க்க வேண்டும். வயர்களை மடித்து உள்ளே தள்ளி, சட்டத்துக்கு இடையே எதுவும் நசுங்காமல் ஸ்க்ரூக்களை இறுக்க வேண்டும். முன்பக்கத் தகட்டை மாட்டிய பிறகே மின்சாரத்தைப் போட வேண்டும்.

12. குமிழை உச்ச நிலையில் வைத்துச் சுவிட்சைப் போட வேண்டும். விளக்கு எரிந்ததும் மெதுவாகக் குறைத்துப் பார்க்க வேண்டும். சில டிம்மர்களில் குறைந்தபட்ச ஒளியைச் சரிசெய்ய ஒரு சிறிய ஸ்க்ரூ இருக்கும். விளக்கு மினுக்காமல் எரியும் மிகக் குறைந்த நிலையில் அதை நிறுத்த வேண்டும்.

டிம்மரை எப்போதும் பேஸ் வயரில்தான் இணைக்க வேண்டும். நியூட்ரலில் இணைத்தாலும் ஒளி கூடும், குறையும், வெளிப்பார்வைக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் சுவிட்சை அணைத்த பிறகும் ஹோல்டரில் பேஸ் நிற்கும். பல்பு மாற்ற ஏணியில் ஏறுபவர் அதை அறியமாட்டார்.

இரண்டு இடத்திலிருந்து இயக்கும் விளக்கு

மாடிப்படி, நீண்ட அறை ஆகியவற்றில் இரண்டு டூ-வே சுவிட்சுகளால் ஒரே விளக்கை இயக்குவது வழக்கம். இங்கு டிம்மரை இரண்டு சுவிட்சுகளுக்கு இடையே உள்ள வயர்களில் இணைக்கக் கூடாது. கடைசிச் சுவிட்சின் பொது முனையிலிருந்து விளக்குக்குச் செல்லும் வயரில் இணைக்க வேண்டும். அப்போது இரண்டு இடத்திலிருந்தும் விளக்கைப் போடலாம், அணைக்கலாம். ஒளியை மட்டும் டிம்மர் உள்ள இடத்திலிருந்தே மாற்ற முடியும். இரண்டு இடத்திலும் டிம்மர் வைத்துத் தொடராக இணைப்பது தவறு. ஒன்று வெட்டிய அலையை மற்றது சரியாகக் கையாளாது.

பொருத்திய பின் தோன்றும் குறைகள்

விளக்கு மினுக்குதல்: பல்பு டிம்மருக்கு ஏற்றதல்ல, அல்லது மொத்த வாட் குறைந்தபட்ச அளவை எட்டவில்லை. வெவ்வேறு நிறுவனப் பல்புகளைக் கலந்து போட்டாலும் இது நிகழும். ஒரு டிம்மரில் ஒரே வகைப் பல்புகளைப் போடுவது நல்லது.

ரீங்காரம்: வெட்டுப்பட்ட அலையால் பல்பின் உட்பகுதியோ டிம்மரில் உள்ள சுருளோ அதிர்வதால் மெல்லிய ஒலி எழும். சிறிது ஒலி ஆபத்தானதல்ல. பின்விளிம்பு டிம்மருக்கு மாற்றினால் பெரும்பாலும் குறையும்.

அணைத்த பிறகும் மெல்லிய ஒளி: சுவிட்ச் நியூட்ரலில் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் ஒயர்மேனைக் கொண்டு பார்க்க வேண்டும். அது சரியாக இருந்தால், பக்கத்தில் செல்லும் வயர்களிலிருந்து தூண்டப்படும் மிகச் சிறிய மின்னோட்டமோ சுவிட்சில் உள்ள குறிவிளக்கோ காரணமாக இருக்கலாம்.

டிம்மர் சூடாதல்: டிரையாக் ஓரளவு வெப்பத்தை உண்டாக்குவது இயல்பு. கை வைத்தால் இதமான சூடு தெரியலாம். கை வைக்க முடியாத சூடு, பிளாஸ்டிக் கருகும் வாசனை, தகட்டில் பழுப்பு நிறம் ஆகியவை இருந்தால் உடனே எம்.சி.பி.யை இறக்க வேண்டும். அளவுக்கு மீறிய வாட் அல்லது தளர்ந்த இணைப்பு காரணமாக இருக்கும்.

இன்வெர்ட்டரில் மட்டும் கோளாறு: சதுர அலை இன்வெர்ட்டர்களின் வெளியீடு சைன் அலை போல் ஏறி இறங்குவதில்லை. ஆகவே டிம்மர் வெட்ட வேண்டிய நேரத்தைக் கணிக்க முடியாமல் விளக்கு துள்ளும். சைன் அலை இன்வெர்ட்டரில் இச்சிக்கல் இல்லை. மின்வெட்டு நேரத்தில் குமிழை முழு நிலைக்குத் திருப்பி வைத்தால் துள்ளல் குறையலாம். ஆனால் சதுர அலை இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் டிம்மர் இணைந்த விளக்கை இன்வெர்ட்டர் சுற்றிலிருந்து விலக்கி வைப்பதே நல்லது.

மின்சிக்கனம்

டிம்மரால் மின்கட்டணம் பெரிதும் குறையும் என்று விற்பனையில் சொல்லப்படுவதுண்டு. எல்.ஈ.டி. காலத்தில் இக்கூற்றைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 9 வாட் பல்பு ஒன்றை நாளுக்கு 5 மணி நேரம் பாதி மின்திறனில் எரித்தால் ஆண்டுக்கு மிச்சமாவது சுமார் 8 யூனிட். டிம்மரின் விலையையும் அதற்கேற்ற பல்பின் கூடுதல் விலையையும் இது ஈடுசெய்யப் பல ஆண்டுகள் ஆகும். 60 வாட் குண்டு பல்பை 9 வாட் எல்.ஈ.டி.யாக மாற்றுவதில் கிடைக்கும் மிச்சம் இதைப் போல் பல மடங்கு.

டிம்மரின் உண்மையான பயன் கண்ணுக்கும் உறக்கத்துக்கும்தான். இரவில் குழந்தைக்குப் பால் கொடுக்க எழும் தாய்க்கும், பலமுறை எழுந்து நடக்கும் முதியவருக்கும் முழு வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்யும், இருட்டு தடுக்கி விழ வைக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஒளி தேவைப்படும் அறைகளில் டிம்மரைப் பொருத்துவது பொருத்தமானது. சமையலறை, குளியலறை, மாடிப்படி போன்ற இடங்களில் எப்போதும் முழு ஒளி இருப்பதே பாதுகாப்பு.